ஹிக்கின்ஸ் பாகவதர் கற்ற வழி: ஒரு நிகழ்வு ஆய்வு

கர்நாடக சங்கீதம் பாடிய அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் வியப்போடு நின்றுவிடுகிறது. வெள்ளைக்காரர், சம்மணமிட்டு உட்கார்ந்து, ‘எந்தரோ மஹானுபாவுலு’ பாடுகிறார், கண்ணை மூடிக்கொண்டால் நம்மவர் போலவே இருக்கிறது என்பார்கள். அவர் எதை முதலில் கற்றார், யாரிடம் கற்றார், எந்தெந்த இடங்களில் மேற்கத்தியக் காதும் தொண்டையும் வழுக்கும், அவற்றை அந்தப் பயிற்சி எப்படித் தாண்ட வைத்தது என்று கேட்பவர்கள் குறைவு. இன்று வெளிநாட்டு மாணவர்களுக்கோ, வெளிநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கோ கற்றுக்கொடுக்கிற ஆசிரியர்களுக்கு அந்தக் கேள்விகள்தான் பயன்படும். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவருக்கு அமைந்த கற்றல் வரிசையும், அந்த வரிசை முழுவதும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததும்தான் அவருடைய பாட்டின் அடித்தளம். குரல்வளம் அதற்குப் பிறகு வருவது.

ஹிக்கின்ஸ் 1939 செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்ற ஊரில் பிறந்தார். அங்குள்ள பிலிப்ஸ் அகாதெமி பள்ளியில் அப்பா ஆங்கிலமும் அம்மா இசையும் கற்பித்தார்கள். அவருடைய பட்டங்கள் மூன்றும் கனெக்டிகட் மாநிலம் மிடில்டவுனில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பெற்றவை: 1962இல் இசையிலும் வரலாற்றிலும் இளங்கலை, 1964இல் இசையியலில் முதுகலை, 1973இல் இன இசையியலில் முனைவர் பட்டம். நம் வீடுகளில் 5, 6 வயதில் முதல் பாடமான சரளி வரிசை தொடங்கிவிடும். ஹிக்கின்ஸ் கர்நாடக சங்கீதத்தின் வாசலில் வந்து நின்றபோது இருபதைத் தாண்டியிருந்தார். அதற்குள் பியானோவின் சுருதியும், கோடுகளில் எழுதிய இசையைப் பார்த்துப் பாடும் பழக்கமும் ஒரு மேற்கத்திய இசை மாணவரிடம் ஆழமாக ஊறியிருக்கும். புதிதாகக் கற்பதைவிட, ஏற்கனவே பதிந்ததைத் தேவையான நேரத்தில் ஒதுக்கிவைப்பதுதான் இந்த வயதில் கடினம்.

மிருதங்கத்திலிருந்து தொடக்கம்

வெஸ்லியனில் இந்த வாசலைத் திறந்தவர் ராபர்ட் பிரவுன். மிருதங்கத்தைப் பற்றி முனைவர் ஆய்வு செய்த அமெரிக்கர். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேன்டில் ஹுட்டின் மாணவராக இருந்தவர். இன்னொரு நாட்டு இசையை ஆராய்கிறவர் அதைப் பாடவோ வாசிக்கவோ தெரிந்திருக்க வேண்டும், இரண்டு மொழி பேசுவதுபோல இரண்டு இசையிலும் புழங்க வேண்டும் என்பது ஹுட்டின் கொள்கை. அந்தக் காலத்து இசையியல் துறைகளில் இது சண்டைக்கு இழுக்கிற கருத்து. இந்தக் கொள்கைக்குக் கர்நாடக சங்கீதத்தில் கிடைத்த மிக முழுமையான சான்று ஹிக்கின்ஸ்.

1963இல் மிருதங்க வித்வான் டி. ரங்கநாதன் வெஸ்லியனுக்கு வந்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர், புதுக்கோட்டை பாணியைச் சேர்ந்தவர். பிரவுன், ரங்கநாதன் இருவரின் வகுப்புகள்தான் ஹிக்கின்ஸின் முதல் படி. பாடப்போகிற ஒருவர் மிருதங்க வித்வானிடம் தொடங்கியது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் ஒரு மேற்கத்திய மாணவருக்கு இதைவிடச் சரியான தொடக்கம் இல்லை என்பது எங்கள் கருத்து. சுரம் தப்பினால் அவர் காது உடனே சொல்லிவிடும், திருத்திக்கொள்வார். தாளத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அவருக்கே தெரியாது. கணக்கு சரியாக வந்துகொண்டே இருக்கும், பாட்டு மட்டும் நம் பாட்டாக இருக்காது.

காரணம் அழுத்தம். மேற்கத்திய இசையில் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு கட்டத்தில் முதல் எண் கனமானது, மூன்றாவது அதற்கு அடுத்தது, மற்றவை லேசானவை. ஆதி தாளத்தின் 8 அட்சரங்களை, அதாவது எண்ணிக்கைகளைக் கையில் போடும்போது, தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று வருகிறதே, அதில் தட்டு விழுகிற இடமெல்லாம் பாட்டும் அழுந்த வேண்டும் என்று அவர்கள் கை தானாக நினைத்துக்கொள்ளும். நமக்குத் தட்டு என்பது இடத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமே. பாட்டின் அழுத்தம் சாகித்யத்தில், அதாவது பாட்டின் சொற்களில் எங்கே விழுகிறதோ அங்கேதான் இருக்கும். அரை இடத்திலோ ஒன்றரை இடத்திலோ எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) வரும் கீர்த்தனைகளில் இந்தத் தவறு பளிச்சென்று தெரியும். எடுப்பைத் ‘தள்ளிப்போட்ட அடி’யாகக் கேட்டு, அதை இடித்துப் பாடுவார்கள். எடுப்பு இடிக்கக் கூடாது. இயல்பாக நழுவி உள்ளே வர வேண்டும்.

இதற்கு மருந்து சொல்கட்டு. மிருதங்கச் சொற்களை வாயால் சொல்லிக்கொண்டே கையால் தாளம் போடுவது. தகிட 3, தகதிமி 4, ததிகிணதோம் 5, தகிட தகதிமி 7, தகதிமி ததிகிணதோம் 9. இந்த ஐந்தையும் ஒரே காலப்பிரமாணத்தில் (தாளத்தின் வேகத்தில்), கை வேகம் மாறாமல், முதலில் ஓர் அட்சரத்துக்கு ஓர் எழுத்து, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று மூன்று காலங்களிலும் சொல்ல வேண்டும். தகிட சொல்லும்போது 3 ஆவர்த்தத்துக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருமுறைதான் சொல்லும் தட்டும் ஆதி தாளத்தின் சமத்தில் (சுற்றின் முதல் அடியில்) சேரும். 24 அட்சரத்தில் தகிட 8 முறை. நடுவில் கை தடுமாறாமல் அந்த இடம்வரை போய்ச் சேர்ந்தால், தட்டுக்கும் அழுத்தத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இது வராத மாணவருக்கு அவசரப்பட்டுக் கீர்த்தனை சொல்லிக்கொடுத்தால், பின்னால் அந்தக் கீர்த்தனையையே மறுபடி பிரித்துத் தைக்க வேண்டிவரும்.

ஒரே வீடு

அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஹிக்கின்ஸ் இந்தியா வந்தபோது, ரங்கநாதனின் சகோதரர் டி. விஸ்வநாதனிடம் வாய்ப்பாட்டு கற்றார். பிறகு அவர்களுடைய சகோதரி நாட்டியக் கலைஞர் டி. பாலசரஸ்வதியிடம், அபிநயத்துக்குப் பாடும் மெதுவான பாட்டுகளான பதங்களும் நாட்டிய இசையும். மூவரும் வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள், ஜெயம்மாளின் மக்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வாசிப்பைக் கேட்க அந்தக் காலத்து வித்வான்களே போய் உட்கார்ந்திருப்பார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளும், க்ஷேத்ரக்ஞரின் பதங்களும், காதற்பாடல்களான ஜாவளிகளும் அந்தக் குடும்பத்தின் பாடாந்தரத்தில் (வழிவழியாக வந்த பாடும் வடிவத்தில்) தனி மெருகோடு இருந்தன.

லயம் ஒரு சகோதரர், பாட்டு இன்னொரு சகோதரர், அபிநயத்துக்குப் பாடும் நுட்பம் சகோதரி. மூன்று இடங்களிலும் ஒரே பாணி, ஒரே காலப்பிரமாண உணர்வு, ஒரே பாடாந்தரம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிற நிலையே மாணவருக்கு வராது. பல ஆசிரியர்களிடம் ஒவ்வொரு பாட்டாகப் பொறுக்கிச் சேர்க்கிற வெளிநாட்டு மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரே ராகத்தின் ஒரே பிடியை (சுரச்சேர்க்கையை) மூன்று விதமாகக் கேட்டு, எதையும் உறுதியாகப் பிடிக்காமல், கடைசியில் மூன்றுக்கும் நடுவில் யாருடையதும் அல்லாத ஒன்றைப் பாடுவார்கள்.

இந்த வீட்டின் பாணி விளம்பமானது, மெதுவானது என்பதும் பெரிய அனுகூலம். இதை நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 20 வயதுக்குமேல் தொடங்கும் தொண்டைக்குப் பிருகா, அதாவது வேகமான சுர உருட்டு, எளிதில் வராது. பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பாணிபோல மின்னல் வேகத்தில் உருளும் சங்கதிகளை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களை) நம்பி ஒருவர் தொடங்கியிருந்தால் பத்தாண்டு கழித்தும் அவற்றின் நிழலைத்தான் பாடிக்கொண்டிருப்பார். தனம்மாள் பாணியில் ஒவ்வோர் அசைவும் நிதானமாக, காது பின்தொடரக்கூடிய வேகத்தில் வருகிறது. எங்கே தொடங்குகிறது, எதுவரை போகிறது, எங்கே இறங்குகிறது என்று அறிவால் புரிந்துகொண்டு தொண்டையில் ஏற்றலாம். வயது வந்த மாணவரின் பலம் புரிதல். அந்தப் பலத்துக்கு வேலை கொடுக்கிற பாணி அவருக்கு வாய்த்தது.

விஸ்வநாதன் புல்லாங்குழல் கலைஞர், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் சீடர். கச்சேரி நடுவிலேயே குழலை இறக்கிவிட்டுப் பாடுவார். அவர் வழக்கில் குழலும் குரலும் ஒன்றையொன்று ஒட்டியே போகும். வாய்ப்பாட்டைக் குழல் வித்வானிடம் கற்பது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் துளையைப் பாதி மூடி, மெல்லத் திறந்து, சுரத்தை அசைக்கும் கமகத்தை விரலால் வரவழைக்கிறவருக்கு, ஓர் அசைவு எத்தனை துண்டாலானது என்பது கைக்கே தெரியும். அதைப் பிரித்துக் காட்டவும் முடியும்.

பியானோவின் காது, தம்புராவின் காது

பியானோவில் ஒரு ஸ்தாயியை 12 சமபாகமாக வெட்டியிருக்கிறார்கள். ஸ்தாயியை 1200 செண்ட் என்று கொண்டால் ஒவ்வொரு கட்டையும் 100. அதன்படி அந்தர காந்தாரம் (உயர்ந்த ‘க’) 400இல் இருக்கும். தம்புராவின் ஷட்ஜத் (‘ஸ’) தந்தியை மீட்டிவிட்டுக் காது கொடுத்தால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாக எழும்பி நிற்கும். அது 386இல் இருக்கிறது. 14 செண்ட் வித்தியாசம். ‘சாதாரண காந்தாரம்’ என்ற, அதைவிடத் தாழ்ந்த ‘க’வில் இது இன்னொரு பக்கம் போகும்: பியானோவில் 300, இயற்கையான விகிதத்தில் 316. பஞ்சமத்தில் (‘ப’) மட்டும் 700க்கு 702, அதனால் பஞ்சமத்தில் யாருக்கும் தொல்லை இல்லை.

14 செண்ட் சின்னதாகத் தோன்றும். பியானோவோடு பாடும்போது அது யாருக்கும் கேட்காது. தம்புரா பின்னால் ஒலிக்கும்போது, நீண்டு நிற்கும் காந்தாரத்தில் அந்த 14 செண்டும் உராய்ந்து ‘வ்வ்’ என்ற துடிப்பாகக் கேட்கும். மேற்கத்திய மாணவர் ‘சரியாகத்தானே பாடுகிறேன்’ என்பார். அவர் காது பழகிய அளவில் அது சரிதான். திருத்துவதற்கு விளக்கம் உதவாது, தம்புராதான் உதவும். பஞ்சமம், இரண்டு ஷட்ஜம், மந்தர ஷட்ஜம் என்று நான்கு தந்தியையும் சேர்த்து, குதிரையின்மேல் தந்திக்கு அடியில் வைக்கும் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நாதம் விரிந்து ரீங்கரிக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு முதல் 10 நிமிடம் பாடக்கூடாது, கேட்க வேண்டும். தானாக எழும் காந்தாரம் காதில் பிடிபட்ட பிறகு, அதற்குள்ளே குரலை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் உராய்வு நின்று, குரல் தம்புராவுக்குள் கரைந்துபோன மாதிரி இருக்கும். நாள்தோறும் இதைச் செய்தால் சில மாதங்களில் காது மாறிவிடும். செயலியில் ஓடும் மின்னணுச் சுருதிப்பெட்டிகள் பலவற்றில் இந்தக் காந்தாரம் தெளிவாகக் கேட்பதில்லை. தொடக்கக் காலத்துக்காவது உண்மைத் தம்புரா வேண்டும்.

குரல் உற்பத்தியும் இதோடு சேர்ந்தது. மேற்கத்தியச் செவ்வியல் பாட்டுக் குரலில் நீண்ட சுரம் எதுவும் நேராக நிற்பதில்லை. விநாடிக்கு 5 முதல் 7 முறை மேலும் கீழும் சீராக அதிரும். அது அவர்களுக்கு அழகு. அந்த அதிர்வோடு ஷட்ஜத்தில் நின்றால் நமக்குச் சுருதி சேரவில்லை என்று தோன்றும். அதைவிட மோசம், மாணவர் அந்த அதிர்வையே கமகம் என்று எண்ணிக்கொள்வது. அதிர்வு எல்லாச் சுரத்துக்கும் ஒரே மாதிரி. கமகம் ராகத்துக்கு ராகம், சுரத்துக்குச் சுரம், காலத்துக்குக் காலம் வேறு. எனவே முதல் வேலை, ‘ஆ’ என்ற அகாரத்தில் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் மூன்றையும் அசைவே இல்லாமல், நூல் பிடித்தாற்போல நிறுத்தப் பழகுவது. அசையாமல் நிற்கத் தெரிந்த பிறகுதான் அசைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அசைவு

மேற்கத்திய மாணவருக்கு மிகப் பெரிய பொறி சங்கராபரணம். அவர்கள் ஊரின் அடிப்படைச் சுரவரிசையும் இதன் சுரவரிசையும் ஒன்றுதான். ‘இது எனக்குத் தெரியுமே’ என்று அவர் நினைக்கிற அந்த நொடியில் ராகம் கைநழுவிவிடுகிறது. சங்கராபரணத்தில் மத்யமம் (‘ம’) காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே அசையும். நிஷாதம் (‘நி’) மேல் ஷட்ஜத்தைத் தொட்டுத் தொட்டு நிற்கும். காந்தாரம் மட்டும் பெரும்பாலும் அசைவில்லாமல் தெளிவாக நிற்கும். எல்லாம் நேராகப் பாடினால் கிடைப்பது என்ன என்பதற்கு நம்மிடமே எடுத்துக்காட்டு உண்டு: ஆங்கிலேயர் வாத்திய மெட்டுகளுக்குத் தீட்சிதர் சம்ஸ்கிருத சாகித்யம் செய்த நோட்டு ஸ்வரங்கள். சுரம் அத்தனையும் சங்கராபரணம், கேட்டால் ராகம் தெரியாது. அவற்றையும் ஒரு சங்கராபரணக் கிருதியையும் அடுத்தடுத்துப் பாடிக்காட்டுவது, ஒரு மணி நேர விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

தோடி இன்னொரு வகை. அங்கே குழப்பமே இல்லை, அதிர்ச்சிதான். நொடேஷனில் ‘க’ என்று எழுதியிருக்கிறது. ஆசிரியர் பாடுவதை உற்றுக் கேட்டால் அந்த இடத்தில் குரல் நிற்பதே இல்லை, ரிஷபத்தின் (‘ரி’) பக்கத்திலிருந்து மத்யமத்துக்குப் போய்ப் போய் வருகிறது. ‘எழுதியிருக்கிற சுரத்தை நீங்கள் பாடவே இல்லையே’ என்பது எழுத்தைப் பார்த்துப் பாடி வளர்ந்த எந்த மாணவரும் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வி. கற்றுக்கொடுக்கும் முறை இது. முதலில் ‘ரி ம ரி ம’ என்று தனித்தனியாக, அட்சரத்துக்கு நான்காகப் பாட வைக்க வேண்டும். அடுத்து அதையே இடைவெளி இல்லாமல் அகாரத்தில் இணைக்க வேண்டும். பிறகு இரண்டு முனையிலும் தங்குவதைக் குறைத்துக்கொண்டே வந்தால் நடுவில், யாரும் நிற்காத இடத்தில், காந்தாரம் பிறந்து காதில் நிற்கும். கடைசியாக ‘க’ என்ற பெயரைச் சொல்லிப் பாட வைக்க வேண்டும். பெயரைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் அந்தப் பெயருக்குரிய பியானோக் கட்டைக்குக் குரல் ஓடிவிடும்.

ஹிக்கின்ஸின் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாட்டு ‘எந்தரோ’, ஸ்ரீராகம். ஏறும்போது ஸ ரி ம ப நி ஸ, இறங்கும்போது ஸ நி ப ம ரி க ரி ஸ. காந்தாரம் ஏற்றத்தில் கிடையாது. இறக்கத்தில்கூட மத்யமத்திலிருந்து நேரே காந்தாரத்துக்கு வரக்கூடாது, ரிஷபத்துக்கு வந்து, திரும்பிக் காந்தாரத்தைத் தொட்டு, மறுபடி ரிஷபத்துக்கு வர வேண்டும். ‘ரி க ரி ஸ’ என்ற இந்தப் பிடிதான் ராகத்தின் உயிர். சுரவரிசையாக ராகத்தைப் படித்தவர் ‘ம க ரி ஸ’ என்று இறங்கிவிட்டால் ஒரே நொடியில் அது வேறு ராகமான கரஹரப்ரியாவாகிவிடும். சரணங்களில் சுரமும் சாகித்யமும் நெருக்கமாகப் பின்னி ஓடுவதால் தப்பித்துக்கொள்ள இடமே கிடையாது. பாட்டை முழுதாக நெட்டுருப் போட்டு, அதன் பிடிகளையே ராக இலக்கணமாகக் கொள்வதுதான் வழி. எந்த ராகத்திலும் ஐந்தாறு உருப்படி இப்படி ஊறிய பிறகுதான் ஆலாபனை, அதாவது சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது. அதற்கு முன் ஆலாபனை செய்யச் சொன்னால் சுரவரிசையில் ஏறி இறங்கி, மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்குப் போய் முடிக்கிற மேற்கத்தியக் கட்டமைப்புதான் வரும். தாளத்துக்குள் சுரங்களை உடனுக்குடன் கோத்துப் பாடும் கற்பனை ஸ்வரத்தில் நேரெதிர்: கணக்கை மிக விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள், கணக்கு சரியாக விழுந்த மகிழ்ச்சியில் ராகத்தைத் தொலைப்பார்கள்.

அவர் பதிவுசெய்த இன்னொரு பாட்டு பாபநாசம் சிவனின் ‘கா வா வா’, வராளி ராகம். குருவே நேராக இந்த ராகத்தைச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சீடருக்கும் பிணக்கு வரும் என்று நம்மில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையை விடுங்கள், ராகம் உண்மையிலேயே கடினமானது. தாழ்ந்த ‘க’வான சுத்த காந்தாரத்திலிருந்து உயர்ந்த ‘ம’வான பிரதி மத்யமத்துக்கு நான்கு அரைச்சுர தூரம் தாவ வேண்டும். போய்ச் சேரும் மத்யமமும் வழக்கமான பிரதி மத்யமத்தைவிட மேலே, பஞ்சமத்தை உரசிக்கொண்டு இருக்கும். பியானோவின் கட்டைகளில் அந்த இடமே இல்லை.

நாக்கு

ஹிக்கின்ஸைக் கேட்டவர்கள் முதலில் பாராட்டுவது உச்சரிப்பை. ‘பழனி’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கருக்கு இதில் ‘ழ’ கஷ்டம் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அமெரிக்க ஆங்கிலத்தின் ‘ர்’ ஒலி, நாக்கு மேலே மடிந்து எங்கும் தொடாமல் நிற்பது, நம் ‘ழ’வுக்கு நெருங்கிய சொந்தம். உதட்டைக் குவிக்காமல் இருக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். நம் ஊரிலேயே ‘பளனி’ என்று பாடுகிறவர்களைவிட அவர்களுக்கு அது எளிது. சிக்கல் முதல் எழுத்தில்தான். ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ப’, ‘ட’, ‘க’ மூன்றும் ஒரு மூச்சைக் கூடவே தள்ளும். ‘பழனி’ அவர்கள் வாயில் ‘ப்ஹழனி’ ஆகும். உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு ‘பா’ சொல்ல வேண்டும். தாள் அசையக்கூடாது.

‘ர’வுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ‘வாட்டர்’ என்ற சொல்லை அமெரிக்கர் பேச்சில் சொல்லும்போது நடுவில் வரும் ‘ட்’ கிட்டத்தட்ட நம் ‘ர’. அதைப் பிரித்தெடுத்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். ‘த’வும் ‘ட’வும் அவர்களுக்கு ஒரே இடத்தில், பல் ஈற்றுக்கு மேலே, இரண்டுக்கும் நடுவில் விழும். இரண்டையும் எதிரெதிராக, பல்லில் ஒன்று, அண்ணத்தில் ஒன்று என்று தனியாகப் பழக்க வேண்டும். ஏ, ஓ நெடில்கள் கடைசியில் ‘ஏய்’, ‘ஓவ்’ என்று வளையும். நீண்ட சுரத்தில் இது கொடுமையாகக் கேட்கும். அழுத்தமில்லாத குறில்களை விழுங்கிவிடும் ஆங்கிலப் பழக்கமும் போக வேண்டும். நம் பாட்டில் எந்த உயிரெழுத்தும் அனாதையில்லை.

தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலும் வரும், மூச்சோடு சேர்ந்து அதிரும் ஒலிகள், ‘அனுபாவுலு’வின் ‘பா’ போன்றவை, ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஆண்டோவரில் பிறந்தவரும் தஞ்சாவூரில் பிறந்தவரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். தெரியாது என்று தெரிந்து கற்கிறவர் பல சமயம் தெரியும் என்று நினைக்கிறவரைவிடச் சுத்தமாகச் சொல்கிறார்.

சொல்லின் பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் கற்றால், மூச்சு எங்கே எடுப்பது என்பதில் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே பாட்டுக்கு முன் சாகித்யத்தைப் பேச்சாக வாசித்து, சொல் பிரித்து, பொருள் எழுதி, பிறகே சுரத்தில் ஏற்ற வேண்டும். பத்து நாள் வேலை. பலர் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

பதமும் பரதமும்

ஹிக்கின்ஸின் முனைவர் ஆய்வு பரதநாட்டியத்தின் இசையைப் பற்றியது. கச்சேரிப் பாடகராகப் பெயர் வந்த பிறகு ஒருவர் நாட்டியத்துக்குப் பாடுவதை ஆராயப் போவது, அன்றைய சபா உலகத்தின் மதிப்பீட்டில் கீழிறங்குவதாகக்கூட எண்ணப்பட்டிருக்கும். எங்கள் பார்வையில் அவர் கல்வியின் மிக ஆழமான பகுதி இதுதான்.

பாலசரஸ்வதி, நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் வழியில் வந்த கந்தப்ப பிள்ளையிடம் நாட்டியம் கற்றவர். பதம் ஆடும்போது தானே பாடுவார். அவருடைய நாட்டியத்தில் பாட்டு பின்னணி கிடையாது, பாட்டிலிருந்துதான் கை எழும். க்ஷேத்ரக்ஞர் பதம் ஒன்றில் ஒரே வரியைப் பாடகர் பத்து, பதினைந்து முறை திரும்பப் பாடுவார். கச்சேரியில் சங்கதிகள் சின்னதிலிருந்து பெரியதாக, வரிசையாக, கற்றபடி வரும். இங்கே அடுத்த முறை எப்படிப் பாடுவது என்பதை ஆடுகிறவரின் முகம் தீர்மானிக்கிறது. கோபமா, ஏக்கமா, ஏளனமா என்று பார்த்து, அதே சுரத்தில் அதே சொல்லுக்கு வேறு எடை கொடுக்க வேண்டும். வரியை எப்போது விட்டு அடுத்ததற்குப் போவது என்பதும் பாடகர் கையில் இல்லை. அதுவரை காலப்பிரமாணம் ஒரு துளிகூட ஓடக்கூடாது. ஏழு அட்சரத் திரிபுடை தாளத்தில், ஓர் அட்சரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கைந்து அசைவு வருகிற விளம்பத்தில், இது மிகக் கடுமையான சோதனை. மிருதங்க வகுப்பில் தொடங்கியவருக்கு அந்தக் கல்வி இங்கே கைகொடுக்கிறது.

மேற்கத்தியப் பயிற்சியில் உணர்ச்சியைக் காட்டுவதற்கு ஒலியைப் பெருக்குவதும் குறைப்பதும், வேகத்தை இழுப்பதும் விடுவதும் முக்கியக் கருவிகள். பதத்தில் இரண்டும் அடைபட்டிருக்கின்றன. மீதி இருப்பது கமகத்தின் அழுத்தமும் சொல்லின் தொனியும்தான். கை கட்டப்பட்டதுபோல் முதலில் தோன்றும். சில ஆண்டுகள் கழித்து, அந்த இரண்டுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று தோன்றும்.

‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வியாசராயரின் கன்னடப் பாட்டு, யமுனா கல்யாணி ராகம், மிச்ரசாபு தாளம். பாலசரஸ்வதியின் அபிநயத்தில் புகழ்பெற்றது, ஹிக்கின்ஸின் குரலிலும் பலருக்குத் தெரிந்தது. உடுப்பிக் கோயில் வாசலில் அவர் தடுக்கப்பட்டபோது இதைப் பாடினார், பிறகு உள்ளே விட்டார்கள் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதே கோயிலுக்குள் விடப்படாத பக்தர் கனகதாசருக்காகக் கண்ணன் திரும்பி நின்றான் என்ற கதையின் சாயல் அதில் இருப்பதால் மனத்தைத் தொடுகிறது. ஆனால் அந்தப் பாட்டு ஒரு தாய் குழந்தையைக் கூப்பிடுகிற கூப்பாடாக எப்படி ஆனது என்பதற்கு விடை உடுப்பி வாசலில் இல்லை, பாலசரஸ்வதியின் பாட்டில் இருக்கிறது.

திருவையாறும் டொராண்டோவும்

இந்தியா வந்து குறுகிய காலத்திலேயே திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பாடினார், பாராட்டும் பெற்றார். பின்னர் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் முதுநிலை ஆய்வாளராகத் திரும்ப வந்து, கச்சேரிகள் செய்து, இசைத்தட்டுகள் வெளியிட்டார். ‘பாகவதர்’ என்ற அடைமொழி பெயரோடு சேர்ந்தது. இதே காலத்தில் மேற்கிலிருந்து இந்திய இசைக்கு வந்த வேறு சிலரோடு ஒப்பிட்டால் அவர் தேர்ந்த பாதை தனியாகத் தெரியும். 1970இல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்தின் சீடரான அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி, கற்றதைத் தன் சொந்த இசையமைப்புக்குள் கொண்டுபோனார். அதுவும் மதிப்புக்குரிய வழியே. ஹிக்கின்ஸ் கலக்கவில்லை. பாடாந்தரத்தைப் பாடாந்தரமாகவே பாடினார்.

1971இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனோடு சேர்ந்து இந்திய இசைப் பாடத்திட்டத்தைத் தொடங்கினார். சங்கரனும் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். ரங்கநாதனிடம் தொடங்கிய மாணவர், தன் மாணவர்களுக்கு அதே மிருதங்கப் பள்ளியின் கையையே கொண்டுவந்து வைத்தார். பாட்டும் மிருதங்கமும் ஒரே துறையில், ஒரே லய மொழியில் கற்பிக்கப்பட்டதால், பாட்டு மாணவருக்குச் சொல்கட்டும் மிருதங்க மாணவருக்குச் சாகித்யமும் பக்கத்து அறையிலேயே கிடைத்தன. வெளிநாட்டில் தொடங்கப்படும் பல வகுப்புகளில் இந்த இணைப்பு இருப்பதில்லை. பாட்டு வகுப்பு தனியாக நடக்கும், லயம் கைத்தாளத்தோடு நின்றுவிடும்.

1978இல் வெஸ்லியனுக்கே பேராசிரியராகவும் கலை மையத்தின் இயக்குநராகவும் திரும்பினார். விஸ்வநாதன் 1975 முதல் அங்கே கற்பித்துக்கொண்டிருந்தார், ரங்கநாதனும் இருந்தார். குருக்கள் இருவரும் சீடரும் ஒரே துறையில் இருந்த ஆண்டுகள் அவை.

1984 பிப்ரவரியில் பாலசரஸ்வதி காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று மிடில்டவுனில் சாலையில் நடந்துகொண்டிருந்த ஹிக்கின்ஸ்மேல் ஒரு வண்டி மோதி, நிற்காமல் போய்விட்டது. அவருக்கு அப்போது வயது 45. வாய்ப்பாட்டில் குரலும் ஞானமும் ஒன்றாகப் பழுக்கத் தொடங்குகிற வயது அது. ரங்கநாதன் 1987 வரையிலும், விஸ்வநாதன் 2002 வரையிலும் வாழ்ந்தார்கள். தாங்கள் கற்றுக்கொடுத்த பாட்டை அவர் பாடிய இசைத்தட்டுகளில்தான் அதற்குப் பிறகு அவர்கள் கேட்க முடிந்தது.